அத்தியாயம் 6: ஒரு நாள் ஆன் ஆகும், மறுநாள் ஆன் ஆகாது

முழுதாகச் செத்துப்போன கணினி அவ்வளவு தொல்லை தராது. எது போயிற்று என்று பார்த்து மாற்றிவிடலாம். சில நேரம் மட்டும் ஆன் ஆகாத கணினிதான் ஆளைப் படுத்தி எடுக்கும். காலை ஏழரைக்குப் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அசையாது. பத்து மணிக்கு ஒரே அழுத்தில் ஆன் ஆகி, மாலை வரை சம்பளக் கணக்கைப் போட்டுக் கொடுக்கும். கேமரன் மலையிலிருந்து கீழே ஈப்போவுக்குக் கொண்டுபோனால் கடைக்காரர் முன்னால் சமர்த்தாக ஓடும். "இதில் ஒன்றும் கோளாறு இல்லையே" என்று அவர் திருப்பிக் கொடுப்பார். மேலே கொண்டுவந்து வைத்த மறுநாள் காலை பழையபடி அசையாது.

தோட்ட அலுவலகத்துக் கிராணியாருக்கும், தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கும், பிள்ளையின் படிப்புக்காகப் பழைய கணினி ஒன்றை வாங்கி வைத்திருக்கும் லயத்துக் குடும்பத்துக்கும் உதவவே இந்த அத்தியாயம். காரணம் தெரியாமல் "போய்விட்டது, புதுசு வாங்குங்கள்" என்ற பேச்சை நம்பிச் செலவழிக்கும் பணம் தோட்டக் குடும்பத்துக்குப் பெரிய பணம். பெரும்பாலும் கோளாறு ஒரு வயரிலோ, ஒரு பொத்தானிலோ, ஒரு பவர் சப்ளையிலோதான் இருக்கும்.

கேமரன் மலையில் இந்தக் கோளாறு வருவதற்கு இடம் அதிகம். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கியதும், 1933இல் பாரத் தேயிலைத் தோட்டம் தொடங்கியதும் இந்த மலையின் குளிரையும் மழையையும் நம்பித்தான். இங்குள்ள தானா ராத்தா நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் வெப்பம் 25 பாகையைத் தாண்டுவது அரிது. இரவில் 15 பாகைக்கும் கீழே இறங்கும். காற்றில் ஈரம் எப்போதும் நிறைந்திருக்கும். தேயிலைக் கொழுந்துக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. மின்னணுப் பாகங்களுக்கோ குளிரும் ஈரமும் சேர்ந்தால் ஆகாது. வயதான பாகம் ஒன்று முதலில் தடுமாறுவது இங்கே அதிகாலையில்தான்.

முதல் வேலை: நகல் எடுங்கள்

கணினி இரண்டாவது முறை அடம் பிடித்த உடனே, அடுத்த தடவை ஆன் ஆனதும் செய்ய வேண்டிய முதல் வேலை நகல் எடுப்பது. சம்பளப் பட்டியல், மாணவர் மதிப்பெண், குடும்பப் படங்கள் எதுவானாலும் வெளி வட்டிலோ பென்டிரைவிலோ ஏற்றிவிடுங்கள். சோதனையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆன் ஆகாது என்ற பயத்தில் இரவும் பகலும் அணைக்காமலே விட்டுவைப்பவர்கள் உண்டு. அது தீர்வு ஆகாது. ஒருநாள் மின்தடை வந்தால் கணினி நின்றுவிடும். பிறகு எழுப்ப முடியாமல் போகலாம். கோளாறும் அதற்குள் முற்றியிருக்கும்.

"ஆன் ஆகவில்லை" என்றால் எப்படி?

எல்லாரும் "ஆன் ஆகவில்லை" என்றே சொல்கிறோம். அதில் நான்கு வகை உண்டு. உங்களுடையது எந்த வகை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் வகை: பொத்தானை அழுத்தினால் விளக்கும் இல்லை, விசிறியும் இல்லை, சத்தமும் இல்லை.

இரண்டாம் வகை: விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடும். சிலதில் தானாகவே மறுபடி சுற்றி மறுபடி நிற்கும்.

மூன்றாம் வகை: விசிறி சீராகச் சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பு. இதில் மின்சாரம் வந்துவிட்டது. ரேம், கிராபிக்ஸ் கார்டு, திரையின் கேபிள் ஆகியவற்றைப் பாருங்கள்.

நான்காம் வகை: முந்தின நாள் அணைத்ததாக நினைத்த கணினி உண்மையில் உறக்க நிலையில் இருந்து, அதிலிருந்து எழ மறுப்பது. விண்டோஸ் 8இலிருந்து வந்த விரைவுத் தொடக்க வசதியும் இப்படிக் குழப்பும். பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து முழுதாக அணைத்து, மறுபடி அழுத்தியதும் ஒழுங்காக வந்தால் இந்த வகைதான். விண்டோஸ் அமைப்பில் விரைவுத் தொடக்கத்தை நிறுத்திவைத்து ஒரு வாரம் பாருங்கள்.

இந்த அத்தியாயம் முதல் இரண்டு வகையைப் பற்றியது.

பொத்தானை அழுத்தினால் உள்ளே நடப்பது

1995இல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்ற கட்டமைப்பை வெளியிட்டது. அதற்கு முந்தைய கணினிகளில் முன்பக்கப் பொத்தான் சுவரிலிருந்து வரும் மின்சாரத்தையே நேரடியாகத் திறந்து மூடியது. ஏடிஎக்ஸ் வந்த பிறகு பொத்தான் வெறும் சைகை மட்டும்தான் கொடுக்கிறது. அந்தச் சைகை போகும் பாதை தெரிந்தால், அது எங்கே அறுபடுகிறது என்று தேடலாம்.

1. சுவர் பிளக்கிலிருந்து 230 வோல்ட் பவர் சப்ளைக்கு வருகிறது.
2. பவர் சப்ளைக்குள் இருக்கும் சிறிய காத்திருப்புச் சுற்று, கணினி அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஊதாக் கம்பியில் வருவது இதுதான்.
3. நீங்கள் பொத்தானை அழுத்தும்போது மதர்போர்டின் இரண்டு ஊசிகள் ஒரு கணம் இணைகின்றன.
4. மதர்போர்டு பச்சைக் கம்பியின் வோல்டேஜைப் பூஜ்யத்துக்கு அருகே இறக்குகிறது. "எழுந்திரு" என்ற உத்தரவு அதுதான்.
5. பவர் சப்ளை 12, 5, 3.3 வோல்ட்களைக் கொடுக்கத் தொடங்குகிறது.
6. எல்லாம் நிலைத்ததும், 100 முதல் 500 மில்லி விநாடிக்குள், சாம்பல் நிறக் கம்பியில் "சரி" என்ற சைகையை அனுப்புகிறது. அதன் பிறகே செயலி வேலையைத் தொடங்கும்.

முதல் வகைக் கோளாறு பெரும்பாலும் 1 முதல் 4 வரையுள்ள படிகளில் இருக்கும். விசிறி சுற்றி நிற்கும் இரண்டாம் வகை பெரும்பாலும் 5, 6 ஆகிய படிகளில் இருக்கும்.

ஒரு வாரப் பதிவு

பெட்டியைத் திறக்குமுன் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கணினிக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ஆறே விஷயம் எழுதுங்கள்: தேதியும் நேரமும், அறை குளிராக இருந்ததா, மழை பெய்ததா, எத்தனை மணி நேரம் அணைந்திருந்தது, எத்தனையாவது அழுத்தில் வந்தது, வராதபோது விளக்கும் விசிறியும் என்ன செய்தன. பள்ளியில் பலர் பயன்படுத்தும் கணினி என்றால் எல்லாரும் ஒரே நோட்டில் எழுத வேண்டும்.

ஒரு வாரம் ஆனதும் நோட்டைப் படித்தால் ஓர் ஒழுங்கு தெரியும். அது எதைக் காட்டுகிறது என்பதை இப்படிப் புரிந்துகொள்ளுங்கள்.

காலையில் மட்டும் வரவில்லை, ஒருமுறை வந்துவிட்டால் பகலில் எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் வருகிறது: பவர் சப்ளையிலோ மதர்போர்டிலோ கெப்பாசிட்டர் தளர்ந்திருக்கிறது.

தொடர் மழை நாள்களிலும், நீண்ட பள்ளி விடுமுறைக்குப் பிறகும் வரவில்லை: ஈரமும் தூசியும், அல்லது ரேம், இணைப்பி முனைகளில் படிந்த களிம்பு.

நேரமும் காலமும் பொருந்தவில்லை, பொத்தானை அழுத்தும் விதத்தைப் பொறுத்து மாறுகிறது: பொத்தான் தேய்ந்திருக்கிறது.

மேசையை நகர்த்தினால், கேபிளைத் தொட்டால் வருகிறது: எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது.

தேயிலைத் தொழிற்சாலை ஓடும் நேரத்தில் மட்டும் வரவில்லை: மின்னழுத்தம் இறங்குகிறது.

பிளக்கைக் கழற்றிச் சில நிமிடம் விட்டுப் போட்டால் வருகிறது: பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொண்டிருக்கிறது. ஷார்ட் சர்க்யூட் ஏதேனும் இருக்கலாம்.

வெளியிலிருந்து உள்ளே

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். கேபிளையும் ரேமையும் பேட்டரியையும் ஒரே நாளில் மாற்றிக் கணினி வந்துவிட்டால், எதனால் வந்தது என்று தெரியாது. கோளாறு திரும்பி வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஒரு மாற்றம் செய்து, மூன்று நான்கு குளிர்ந்த காலைகள் பார்த்துவிட்டு, அடுத்த படிக்குப் போங்கள்.

படி 1: சுவரும் வயரும். கணினி வராத அதே நேரத்தில் அதே சாக்கெட்டில் ஒரு மேசை விளக்கைப் போட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்தால் யூபிஎஸ், எக்ஸ்டென்ஷன் இரண்டையும் விலக்கி, கணினியை நேராகச் சுவரில் மாட்டுங்கள். பழைய யூபிஎஸ்ஸின் பேட்டரி மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் தளர்ந்துவிடும். கணினி கிளம்பும்போது இழுக்கும் மின்சாரத்தைத் தாங்காமல் யூபிஎஸ் விட்டுக்கொடுக்கும். எக்ஸ்டென்ஷனில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலும் சேர்ந்திருந்தால், முதலில் கெட்டிலை வேறு சாக்கெட்டுக்கு மாற்றுங்கள். நம் நாட்டு மூன்று முனை பிளக்குக்குள் ஃபியூஸ் ஒன்று இருக்கிறது. அதன் உலோகப் பிடி தளர்ந்தாலும் மின்சாரம் விட்டுவிட்டுத்தான் வரும். பிளக்கின் முனையோ பக்கமோ கருகியிருந்தால் அந்த வயரை மறுபடி மாட்டாதீர்கள். புது வயரும் எக்ஸ்டென்ஷனும் சிரிம் தர முத்திரை உள்ளதாக வாங்குங்கள். கணினியின் பின்பக்கம் நுழையும் முனையையும் அழுத்திச் செருகுங்கள். பாதி நுழைந்த நிலையில் இருந்தால் மேசை அசையும்போதெல்லாம் தொடர்பு விடும்.

படி 2: மின்னழுத்தம். நம் நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்ற கணக்கில், 10 விழுக்காடு மேலும் 6 விழுக்காடு கீழும் போகலாம் என்ற வரம்புக்குள் வருகிறது. அதாவது சுமார் 216 முதல் 253 வோல்ட் வரை. தொழிற்சாலையில் கொழுந்தை உருட்டும் இயந்திரத்தின் பெரிய மோட்டார் கிளம்பும் கணத்தில் அதே இணைப்பில் உள்ள விளக்குகள் மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் பவர் சப்ளையின் பட்டியில் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தால் இந்த இறக்கத்தைத் தாங்கும். 200 முதல் 240 வரை என்று மட்டும் இருந்தால் தாங்கும் திறன் குறைவு. மிகப் பழைய பவர் சப்ளையில் 115, 230 என்று மாற்றும் சிவப்பு விசை பின்பக்கம் இருக்கும். அது 230இல்தான் இருக்க வேண்டும். 115க்கு மாற்றினால் அந்த நொடியே வெடிக்கும். வீட்டு விளக்குகளும் சேர்ந்து மங்கினால் கோளாறு கணினியில் இல்லை. லயத்து மின்கம்பி நிர்வாகத்தின் பொறுப்பு என்றால் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். வெளிக்கம்பி என்றால் மின் நிறுவனமான தெனாகா நேஷனலின் 15454 எண்ணில் புகார் செய்யுங்கள்.

படி 3: எர்த். கணினிப் பெட்டியின் உலோகத்தை விரலால் உரசும்போது விறுவிறுவென்று உணர்ந்தால் எர்த் இணைப்பு வரவில்லை என்று பொருள். இதை அலட்சியப்படுத்தக் கூடாது. மின்னணுப் பாகத்தைவிட மனித உயிர் பெரிது. பழைய குடியிருப்புகளில் இது நடக்கக்கூடியதே. பதிவுபெற்ற வயர்மேனை அழைத்துச் சரிபார்க்கும் வரை அந்த சாக்கெட்டைப் பயன்படுத்த வேண்டாம். வயரைச் சோதிக்கும் வேலையில் நீங்களே இறங்கவும் வேண்டாம்.

படி 4: தங்கிய மின்சாரத்தை வெளியேற்றுதல். சுவர் பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு பவர் பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஐந்து நிமிடம் விட்டு மாட்டுங்கள். இதனால் வந்துவிட்டால் அதை நோட்டில் எழுதுங்கள். தற்காலிகமாக வந்ததே ஒழிய, கோளாறு தீரவில்லை. பாதுகாப்புச் சுற்று எதையோ கண்டு பூட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது சான்று. முன்பக்க யூஎஸ்பி துளைக்குள் வளைந்த தகடு ஒன்று மற்றொன்றைத் தொட்டாலும் இப்படி ஆகும். டார்ச் அடித்துப் பாருங்கள். பள்ளிக் கணினிகளில் இது கட்டாயம் பார்க்க வேண்டிய இடம்.

இனி வரும் படிகளுக்குப் பெட்டியின் பக்கத் தகட்டைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சுவர் பிளக்கைக் கழற்றிவிட்டு, பெட்டியின் பூச்சு இல்லாத உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டுக் கை வையுங்கள்.

படி 5: தேயிலைத் தூசி. தொழிற்சாலைக்குப் பக்கத்து அலுவலகக் கணினியைத் திறந்தால் பவர் சப்ளையின் காற்றுத் துளைகளில் பழுப்பு நிறத்தில் மெத்தென்று ஒரு படலம் ஒட்டியிருக்கும். விரலால் எடுத்தால் ஒரு துண்டுத் துணிபோல உரிந்து வரும். தரம் பிரிக்கும் அறையிலிருந்து பறந்து வரும் நார்த்தூசி அது. உலர்த்தி முடித்த தேயிலையில் சுமார் 3 விழுக்காடு ஈரமே இருக்கும். வெளிக்காற்று பட்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் தூளை இறுக்கி மூடி வைக்கிறோம். அந்தத் தூசிக்கும் அதே குணம் உண்டு. ராத்திரி முழுவதும் மூடுபனியின் ஈரத்தை உறிஞ்சி, மதர்போர்டின் நுண்ணிய ஊசிகளுக்கு நடுவே ஈரப் படலமாகப் படுத்திருக்கும். மின்சாரம் அந்த வழியாகக் கசியும். கணினி சூடேறியதும் ஈரம் காய்ந்து கசிவு நின்றுவிடும்.

மென்மையான காய்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தளர்த்தி, காற்றூதியால் வெளியே தள்ளுங்கள். வீட்டுக்கு வெளியே, மழையில்லாத நேரத்தில் செய்யுங்கள். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். வேகமாகச் சுழலவிட்டால் தாங்கி கெடும். ஈரத் துணி வேண்டாம். பவர் சப்ளைக்குள் கரப்பான், எறும்பு, பல்லி இருந்த அடையாளம் தெரிந்தால் அதைத் துடைத்துப் பயன்படுத்த நினைக்காமல் மாற்றிவிடுங்கள்.

படி 6: இணைப்பிகளும் ரேமும். மதர்போர்டுக்குப் போகும் 24 ஊசி இணைப்பியையும், செயலிக்கு அருகில் உள்ள 4 அல்லது 8 ஊசி இணைப்பியையும் கழற்றி, கொக்கி "கிளிக்" என்று விழும் வரை மாட்டுங்கள். ரேமை எடுத்து அதன் பொன்னிற முனைகளை வெள்ளை அழிப்பானால் லேசாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, இரண்டு பக்கமும் கொக்கி பூட்டும்படி அழுத்துங்கள். ரேம் சரியாக அமராவிட்டால் பெரும்பாலும் திரை கறுப்பாகும். சில மதர்போர்டுகள் ஆன் ஆகி அணைந்து மறுபடி ஆன் ஆகும். அதைப் பார்த்து மின்சாரக் கோளாறு என்று நினைத்துவிடுவோம்.

படி 7: பொத்தான். முன்பக்கப் பொத்தானிலிருந்து வரும் இரண்டு மெல்லிய கம்பிகள் மதர்போர்டின் ஓரத்தில் ஊசிகளில் மாட்டியிருக்கும். அவற்றைக் கழற்றுங்கள். கையேட்டுப் படத்தைப் பார்த்து அந்த இரண்டு ஊசிகளை உறுதிசெய்துகொண்டு, பிளக்கை மாட்டி, சிறிய ஸ்குரூடிரைவர் முனையால் இரண்டையும் ஒரு விநாடி மட்டும் சேர்த்துத் தொடுங்கள். அங்கே இருப்பது 5 வோல்ட் அல்லது அதற்கும் குறைவு, ஆபத்தில்லை. பொத்தானுக்கு அசையாத கணினி இதற்கு உடனே வந்தால் குற்றவாளி பொத்தான்தான். இதற்கு ஒரு காசும் செலவில்லாத தீர்வு உண்டு: ரீசெட் பொத்தானின் கம்பியை எடுத்து பவர் ஊசிகளில் மாட்டிவிடுங்கள். இனி ரீசெட் பொத்தானே பவர் பொத்தான். இரண்டும் ஒரே மாதிரிப் பொத்தான்கள்தான்.

படி 8: சிமாஸ் பேட்டரி. மதர்போர்டில் நாணயம் போன்ற சிஆர் 2032 பேட்டரி ஒன்று இருக்கிறது. புதிதாக 3 வோல்ட் இருக்கும். கணினியின் தேதி அடிக்கடி பின்னோக்கிப் போனால் அது தீர்ந்துவிட்டது. சில மதர்போர்டுகள் இந்தப் பேட்டரி தீர்ந்தால் ஆன் ஆகவும் தடுமாறும். ரிங்லெட், பிரிஞ்சாங் கடைகளிலும் கிடைக்கக்கூடிய சாதாரணப் பேட்டரிதான். சந்தேகம் இருந்தாலே மாற்றிவிடலாம்.

படி 9: சுமையைக் குறைத்தல். வட்டுகள், டிவிடி டிரைவ், கிராபிக்ஸ் கார்டு, பிரிண்டர், யூஎஸ்பி சாமான்கள் எல்லாவற்றையும் கழற்றி, மதர்போர்டு, செயலி, ஒரு ரேம் மட்டும் வைத்து, குளிர்ந்த காலையில் ஆன் செய்யுங்கள். தொடர்ந்து வந்தால் ஒரு நாளைக்கு ஒரு பாகமாகத் திரும்ப மாட்டுங்கள். எந்தப் பாகத்தை மாட்டிய மறுநாள் மறுக்கிறதோ, அதைப் பிடியுங்கள்.

மல்டிமீட்டர் சொல்லும் தீர்ப்பு

இவ்வளவுக்கும் பிறகும் கோளாறு நின்றால் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். கணினி மறுக்கும் அந்த நேரத்திலேயே அளக்க வேண்டும். நன்றாக ஓடும்போது அளந்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும்.

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். 24 ஊசி இணைப்பியைக் கழற்றாமல், அதன் பின்பக்கத்தில் கம்பி நுழையும் இடத்தில் முனையைச் செருகுங்கள். கறுப்பு முனை எப்போதும் கறுப்புக் கம்பியில். முனை நழுவிப் பக்கத்து ஊசியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில புதிய பவர் சப்ளைகளில் எல்லாக் கம்பியும் கறுப்பு. அப்போது ஊசி எண்ணைப் பாருங்கள்: ஊதா 9, பச்சை 16, சாம்பல் 8.

முதலில் ஊதா. கணினி அணைந்த நிலையிலேயே 4.75 முதல் 5.25 வோல்ட் வர வேண்டும். குறைந்தோ, ஏறி இறங்கியோ இருந்தால் பவர் சப்ளையின் காத்திருப்புச் சுற்று போய்விட்டது.

அடுத்து பச்சை. அணைந்த நிலையில் சில வோல்ட் காட்டும். பொத்தானை அழுத்தும்போது கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு விழ வேண்டும். ஊதா சரியாக இருந்தும் பச்சை விழவில்லை என்றால் கோளாறு பொத்தானிலோ மதர்போர்டிலோ. பச்சை விழுந்தும் விசிறி சுற்றவில்லை என்றால் பவர் சப்ளை, அல்லது அதைப் பூட்டவைக்கும் ஷார்ட். படி 9 அதைப் பிரித்துக் காட்டும்.

விசிறி சுற்றினால் மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வோல்ட் இருக்க வேண்டும். சில நிறுவனங்களின் அலுவலகக் கணினிகளில் இணைப்பியே வேறு வடிவம். அவற்றுக்கு இந்த நிறமும் எண்ணும் பொருந்தா.

பச்சையையும் கறுப்பையும் காகிதக் கிளிப்பால் இணைத்து, கழற்றிய பவர் சப்ளையைத் தனியாக ஓட்டிப் பார்க்கும் முறை பலருக்குத் தெரியும். சுமையில்லாமல் ஓடுவதால் மட்டும் அது நல்ல பவர் சப்ளை ஆகிவிடாது. ஓடவில்லை என்றால் கெட்டது என்று உறுதியாகச் சொல்லலாம்.

குளிர் காலைக் கோளாறு

மலையில் இந்தக் கோளாறைத் தனியாகச் சொல்ல வேண்டும். பவர் சப்ளைக்குள்ளும் மதர்போர்டிலும் உருளை வடிவக் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. தண்ணீர்த் தொட்டி குழாயின் ஓட்டத்தைச் சீராக்குவதுபோல் அவை மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்குகின்றன. உள்ளே இருக்கும் மின்பகு திரவம் ஆண்டுக்கணக்கில் சூட்டில் வற்றுகிறது. வற்ற வற்ற உள் மின்தடை கூடுகிறது. குளிரில் அது மேலும் கூடும். காலை 14 பாகையில் காத்திருப்புச் சுற்று தள்ளாடுவது இதனால்தான். பலமுறை முயன்ற பிறகு, அல்லது அறை வெதுவெதுப்பான பிறகு, மின்தடை இறங்கிக் கணினி எழுந்துவிடும். ஈப்போவின் 30 பாகைக்கு மேற்பட்ட வெயிலில் கோளாறு தலைகாட்டாததற்கும் இதுவே காரணம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை; அவர் கண்ணில் அது படவே இல்லை.

மதர்போர்டின் கெப்பாசிட்டர்களைக் கண்ணால் பார்த்தே சோதிக்கலாம். நல்லதன் தலை தட்டையாக இருக்கும். பலவற்றில் சிலுவை போன்ற கீறல் தெரியும். கெட்டது அந்தக் கீறலில் மேடு தட்டியிருக்கும், அல்லது பழுப்பு நிறக் கசிவு உலர்ந்து ஒட்டியிருக்கும். 1999 முதல் 2007 வரையிலான காலத்தில் செய்த பல மதர்போர்டுகளில் தரமற்ற கெப்பாசிட்டர்கள் உலகெங்கும் வீங்கின. அந்த வயதுக் கணினியைப் பழையதாக வாங்கினால் முதலில் இந்தத் தலைகளைப் பாருங்கள்.

உறுதிசெய்ய எளிய சோதனை: கணினி மறுக்கும் காலையில் பிளக்கைக் கழற்றிவிட்டு, முடி உலர்த்தும் கருவியைக் குறைந்த சூட்டில், ஓரடி தள்ளி, பவர் சப்ளையின் காற்றுத் துளையை நோக்கி இரண்டு மூன்று நிமிடம் பிடியுங்கள். பிறகு பிளக்கை மாட்டி அழுத்துங்கள். உடனே வந்தால், அதுவும் இரண்டு மூன்று காலைகளில் தொடர்ந்து இப்படியே வந்தால், பவர் சப்ளையை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட்டுக்கு மேலும் டிசி மின்சாரம் தேங்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் தங்கியிருக்கும். உயிரைப் பறிக்கக்கூடிய அளவு அது. பவர் சப்ளை முழுதாக மாற்ற வேண்டிய பாகம், வீட்டில் திருத்த வேண்டிய பாகம் அன்று. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத அலுவலக, பள்ளிக் கணினிக்கு 300 முதல் 450 வாட் தரமான பவர் சப்ளை போதும். பட்டியில் பெரிய வாட் எண்ணும் கையில் எடுத்தால் எடையே இல்லாத பெட்டியும் கண்டால் ஒதுக்குங்கள்.

கீழே கொண்டுபோகும்போது

தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ மலை இறங்கினால் வளைவுகளின் குலுக்கலில் கனமான கார்டுகளும் செயலியின் குளிர்விப்பானும் தளரும். பெட்டியை, மதர்போர்டு அடிப்பக்கம் இருக்கும்படி படுக்கவைத்து, கீழே போர்வை மடித்துப் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கீழே போய் இறங்கியதும் ஆன் செய்யச் சொல்லாதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் சமவெளியின் சூடான ஈரக்காற்று பட்டதும் உள்ளே வியர்த்துவிடும். இரண்டு மூன்று மணி நேரம் பெட்டி அறை வெப்பத்துக்கு வரட்டும்.

கணினியோடு நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுபோங்கள். "சில நேரம் ஆன் ஆகவில்லை" என்று சொல்வதற்குப் பதில், "இரவு முழுக்க அணைந்திருந்தால் காலையில் வருவதில்லை, விசிறி அரைச் சுற்றோடு நிற்கிறது, ஊதாக் கம்பியில் 4.3 வோல்ட் காட்டுகிறது" என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் எந்தத் திருத்துநரும் நேராக இடத்துக்குப் போவார். வேறொரு பவர் சப்ளையை இரவல் கேட்டு, மேலே கொண்டுவந்து ஒரு வாரம் ஓட்டிப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. குளிரில் வந்த கோளாறைக் குளிரில்தான் சோதிக்க வேண்டும்.

திரும்ப வராமல் இருக்க

கணினியைச் சிமெண்டுத் தரையில் வைக்காதீர்கள். மழை நனைக்கும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். ஓரடி உயரமும் பின்னால் கையளவு இடைவெளியும் வேண்டும். அணைத்தவுடனே துணி போட்டு மூடினால் சூடும் ஈரமும் உள்ளேயே தங்கும். ஆறிய பிறகு மூடுங்கள்.

பள்ளி விடுமுறையில் கணினி அறை வாரக்கணக்கில் பூட்டிக்கிடக்கும். வாரத்துக்கு இரண்டு முறை யாரேனும் ஒரு மணி நேரம் ஓட்டிவைத்தால் உள் ஈரம் உலரும். பள்ளி திறக்கும் நாளில் பாதிக் கணினிகள் மக்கர் செய்யும் நிலை வராது.

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இடி மின்னல் கடுமையாக இருக்கும். வானம் கறுத்தால் மின் பிளக்கோடு இணையக் கேபிளையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும். தொழிற்சாலை அருகே உள்ள கணினிக்கு மாதம் ஒருமுறையும், மற்றவற்றுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் தூசி எடுப்பதை வழக்கமாக்குங்கள்.

எப்போது சரியாயிற்று என்று எழுதுவது

ஒரு பாகத்தை மாற்றிய அன்றைக்குக் கணினி ஆன் ஆனதால் கோளாறு தீர்ந்ததாக எண்ண வேண்டாம். மாற்றாமல் விட்டிருந்தாலும் அன்று வந்திருக்கலாம். இரவு முழுக்க அணைந்திருந்து, குளிர்ந்த காலையில், முதல் அழுத்தில் வர வேண்டும். நடுவில் ஒரு மழை நாளாவது இருக்க வேண்டும். இப்படித் தொடர்ந்து பத்துக் காலைகள் வந்த பிறகே நோட்டில் "சரி" என்று எழுதுங்கள்.

பவர் சப்ளையையும் மாற்றி, எல்லாப் படியும் முடிந்த பின்னும் மறுத்தால் மதர்போர்டுதான் மிச்சம். பழைய கணினியில் மதர்போர்டை மாற்றும் செலவு இன்னொரு பழைய கணினியின் விலையை நெருங்கிவிடும். அங்கே நிறுத்திக்கொள்ளலாம். வட்டையும் ரேமையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கணினிக்குப் பொருந்தினால் பயன்படும்.

கோளாறு தீர்ந்த தேதி, மாற்றிய பாகம், கொடுத்த விலை ஆகியவற்றை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, அதைக் கணினியோடேயே வையுங்கள். கிராணியார் மாறலாம், ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போகலாம். அந்த மேசைக்கு அடுத்து வருபவர் உங்கள் பதிவிலிருந்தே வேலையைத் தொடரலாம்.